உணவுக்கும் பானத்துக்கும் ப்ளோ மோல்டிங் பாட்டில்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சொந்தமாக ஒரு பானமோ சாஸோ எண்ணெயோ தயாரித்து, அதற்கென்று தனி பாட்டில் வேண்டும் என்று வருகிறவர்கள் பெரும்பாலும் கையில் ஒரு படத்தோடுதான் வருவார்கள். படம் அழகாக இருக்கும். உள்ளே ஊற்றப்போவது என்ன, எத்தனை டிகிரி சூட்டில், எத்தனை மாதம் கெடாமல் இருக்க வேண்டும் என்பது மட்டும் அதில் இருக்காது. பாட்டில் வடிவமைப்பிலும் மோல்டு சோதனை ஓட்டங்களிலும் பல வருடங்களாக இருக்கிறேன். திரும்பத் திரும்ப என்னிடம் வந்த கேள்விகளையும், அவற்றுக்கு நான் சொல்லிவரும் பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறேன்.

ப்ளோ மோல்டிங் என்றால் என்ன?

சூட்டில் இளகிய பிளாஸ்டிக் குழாயை மோல்டுக்குள் வைத்து, உள்ளே காற்றை ஊதி, மோல்டின் சுவரில் ஒட்டவைத்துக் குளிரவைப்பது. அவ்வளவுதான். பலூன் ஊதுவதைப் போன்ற வேலை. பலூனைச் சுற்றி ஒரு அச்சு இருக்கிறது என்பதுதான் வித்தியாசம்.

இந்த எளிய விஷயத்திலிருந்தே மற்ற எல்லாம் கிளம்புகிறது. இன்ஜெக்ஷன் மோல்டிங்கில் உள்ளேயும் வெளியேயும் அச்சு உண்டு, சுவரின் தடிமனை அச்சே தீர்மானித்துவிடும். ப்ளோ மோல்டிங்கில் வெளிப்பக்கம் மட்டும்தான் நம் கட்டுப்பாட்டில். பிளாஸ்டிக் எங்கே எவ்வளவு தங்கும் என்பதை அது எப்படி இழுபடுகிறதோ அதுதான் தீர்மானிக்கிறது.

எத்தனை வகை இருக்கிறது? என் பொருளுக்கு எது?

மூன்று வகை. முதலாவது எக்ஸ்ட்ரூஷன் ப்ளோ மோல்டிங். டை எனப்படும் இயந்திரத்தின் வாய்ப்பகுதியிலிருந்து உருகிய பிளாஸ்டிக் குழாயாகத் தொங்கிக்கொண்டு இறங்கும். அந்தக் குழாய்க்குப் பாரிசன் என்று பெயர். மோல்டு இரண்டு பக்கமும் வந்து அதைக் கவ்வும், கீழ்முனை நசுங்கி ஒட்டிக்கொள்ளும், பிறகு காற்று. பால் கேன், கைப்பிடி வைத்த எண்ணெய் கேன், பிழிந்து ஊற்றும் சாஸ் பாட்டில் எல்லாம் இந்த வழியில்தான் வருகின்றன.

இரண்டாவது இன்ஜெக்ஷன் ஸ்ட்ரெட்ச் ப்ளோ மோல்டிங். முதலில் சோதனைக் குழாய் மாதிரி தடித்த ஒரு ப்ரீஃபார்ம். அதைச் சூடாக்கி, உள்ளே ஒரு கம்பியை விட்டு நீளவாக்கில் இழுத்து, அதே நேரத்தில் ஊதுவார்கள். தண்ணீர், சோடா, ஜூஸ், கண்ணாடி போல் தெரியும் எண்ணெய் பாட்டில்கள் இந்த ரகம். ப்ரீஃபார்மையும் பாட்டிலையும் ஒரே இயந்திரத்தில் செய்தால் ஒற்றைக்கட்டம். ப்ரீஃபார்மை ஓரிடத்தில் செய்து, வேறொரு நாளில் வேறொரு இடத்தில் சூடாக்கி ஊதினால் இரட்டைக்கட்டம். பெரிய அளவில் ஓடும் பான ஆலைகள் பெரும்பாலும் இரட்டைக்கட்டம்தான். ப்ரீஃபார்மை லாரியில் ஏற்றினால் பாட்டிலைவிடப் பல மடங்கு கொள்ளும், வெற்றுக் காற்றைச் சுமக்க வேண்டியதில்லை.

மூன்றாவது இன்ஜெக்ஷன் ப்ளோ மோல்டிங். கழுத்து அளவு துல்லியமாக வேண்டிய சின்னக் குப்பிகளுக்கு நன்றாக இருக்கும். உணவுத் துறையில் குறைவு.

பெட், எச்டிபிஇ, பிபி: எதைத் தேர்ந்தெடுப்பது?

பெட் என்பது பாலிஎத்திலீன் டெரெஃப்தாலேட். வின்ஃபீல்டு, டிக்சன் என்ற இருவர் 1941-ல் இதை இழை தயாரிப்பதற்காகத்தான் கண்டுபிடித்தார்கள். சோடாவின் அழுத்தத்தைத் தாங்கும் பாட்டிலாக அதை மாற்றி 1973-ல் காப்புரிமை பெற்றவர் நத்தானியேல் வயத். இழையிலிருந்து பாட்டிலுக்குத் தாவ முடிந்ததற்குக் காரணம் பெட்டின் ஒரு குணம். சரியான சூட்டில் இரண்டு திசையிலும் இழுத்தால் அதன் மூலக்கூறுகள் வரிசைகட்டி நிற்கும். இழுக்காத பெட்டைவிட இழுத்த பெட் பல மடங்கு உறுதி. தெளிவும் போகாது, வாயுவையும் சுலபத்தில் வெளியே விடாது.

எச்டிபிஇ என்கிற அடர்த்தி கூடிய பாலிஎத்திலீன் பால்போல மங்கலாக இருக்கும். ஈரத்தை நன்றாகத் தடுக்கும், ஆக்சிஜனைத் தடுக்காது. கீழே விழுந்தாலும் எளிதில் உடையாது, குளிர்சாதனப் பெட்டியிலும் நொறுங்காது. சில நாட்களில் தீர்ந்துபோகும் குளிர்ந்த பாலுக்கு இதைவிடப் பொருத்தமானது கிடைப்பது கடினம்.

பிபி என்கிற பாலிப்ரொப்பிலீன் சுமார் 160 டிகிரி செல்சியஸில்தான் உருகும். அதனால் கொதிக்கக் கொதிக்க நிரப்புவதற்கும், மைக்ரோவேவில் வைப்பதற்கும் தோது. கடுங்குளிரில் மட்டும் சாதாரண பிபி உடையக்கூடியதாகிவிடும்.

சுருக்கமாகக் கேட்டால் என் பதில் இது. வாயுவோ ஆக்சிஜனோ பிரச்சினை என்றால் பெட்டில் தொடங்குங்கள். கைப்பிடியும் முரட்டுத்தனமும் வேண்டுமென்றால் எச்டிபிஇ. சூடு பிரச்சினை என்றால் பிபி. அப்புறம் விதிவிலக்குகளைப் பேசலாம்.

வரைபடம் போடுவதற்கு முன் நான் என்னென்ன சொல்ல வேண்டும்?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள். ஒரு பாட்டிலை அதன் உள்ளே போகும் பொருள்தான் வடிவமைக்கிறது. நாம் அதற்குக் கை கொடுக்கிறோம். எனவே பொருளைப் பற்றிச் சொல்லுங்கள்.

அதில் வாயு உண்டா, எவ்வளவு? எந்தச் சூட்டில் நிரப்புவீர்கள்? புளிப்பா, எண்ணெய்ப்பசையா, ஆல்கஹால் உண்டா? வெளிச்சம் பட்டால் நிறமோ சுவையோ மாறுமா? ஆக்சிஜன் பட்டால்? அலமாரியில் எத்தனை மாதம்? குளிரிலா, வெயில் காயும் கிடங்கிலா? ஒன்றன்மேல் ஒன்றாக எத்தனை அடுக்கு ஏறும், அட்டைப்பெட்டியில் போகுமா, வெறும் பிளாஸ்டிக் சுற்றிலா? நிரப்பும் இயந்திரம் பாட்டிலைக் கழுத்தில் பிடிக்குமா, அடியில் தாங்குமா? மூடி திருகுவதா, அழுத்துவதா? லேபிள் சுற்றி ஒட்டுவதா, உறையா?

கடைசியில் கேட்ட மூன்றையும் பலரும் அற்பம் என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள். நிரப்பும் வரிசையில் பாட்டில் சாய்ந்து விழுந்துகொண்டே இருந்தால் எவ்வளவு அழகான வடிவமும் ஒரு வாரம் தாங்காது. அகலம் குறைந்து உயரம் கூடிய பாட்டிலை வரைவதற்கு முன் ஆலைக்குப் போய் கன்வேயரைப் பார்த்துவிட்டு வருவது நல்லது.

கொள்ளளவைச் சொல்லும்போது இரண்டு எண்ணைச் சொல்ல வேண்டும். லேபிளில் போடும் அளவு ஒன்று, விளிம்புவரை நிரப்பினால் பிடிக்கும் அளவு இன்னொன்று. இடையில் உள்ள வெற்றிடம் வீண் இல்லை. திரவம் சூட்டில் விரிய இடம் வேண்டும், நிரப்பும்போது சிந்தாமல் இருக்கவும் வேண்டும். முதல் கூட்டத்திலேயே இந்த இரண்டையும் எழுதிவைக்காமல் விட்ட திட்டங்களில் மோல்டைத் திரும்ப வெட்ட வேண்டி வந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

மூலைகள் ஏன் மெலிந்துபோகின்றன?

ஊதும்போது பிளாஸ்டிக் முதலில் மோல்டின் எந்த இடத்தைத் தொடுகிறதோ அங்கேயே குளிர்ந்து நின்றுவிடும். மிச்சம் இருப்பது மேலும் இழுபட்டுத் தூரமான இடங்களுக்குப் போக வேண்டும். சதுரப் பாட்டிலில் தட்டையான பக்கங்கள் முதலில் தொடும், நான்கு மூலைகளும் கடைசியாக. அதனால் மூலையில் வந்து சேர்வது சக்கை மட்டும்தான். கீழே விழும்போது தரையில் முதலில் இடிபடுவதும் அதே மூலை.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ப்ரீஃபார்ம் சுவர் 3.5 மி.மீ. தடிமன். நீளத்தில் இரண்டரை மடங்கும் சுற்றளவில் நான்கு மடங்கும் இழுத்தால், பரப்பு பத்து மடங்காகிறது, சுவர் 0.35 மி.மீ. ஆகிறது. இது சராசரி. பாட்டிலின் அகலமான தோள்பட்டை இதைவிட மெலியும், கழுத்துக்குக் கீழே இழுபடாமல் நிற்கும் பகுதி தடித்தே இருக்கும்.

ஆகவே வரையும்போது மூலைகளை உருட்டுங்கள், எவ்வளவு முடியுமோ அவ்வளவு. கூர்மையான விளிம்பு வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால் அதற்கான பிளாஸ்டிக்கை வேறெங்கோ வீணாக்கித்தான் தர முடியும். நீள்வட்டப் பாட்டிலுக்கும் இதே கதை. அகலம் ஆழத்தைவிட இரண்டு மடங்குக்கு மேல் போகும்போது, உருண்டையான ப்ரீஃபார்மைச் சில பக்கம் கூடுதலாகவும் சில பக்கம் குறைவாகவும் சூடாக்கிச் சமாளிக்க வேண்டியிருக்கும்.

எக்ஸ்ட்ரூஷனில் ஒரு வசதி உண்டு. பாரிசன் இறங்கும்போதே டையின் இடைவெளியைக் கூட்டிக் குறைத்து, தோளுக்கும் அடிக்கும் தடித்த குழாய், நடுவுக்கு மெல்லிய குழாய் என்று கொடுக்கலாம். ஒரே பாரிசனின் நீளத்தில் பல பத்துப் புள்ளிகளில் தடிமனை மாற்றும் இயந்திரங்கள் இருக்கின்றன.

புது வடிவத்துக்குப் புது ப்ரீஃபார்ம் கட்டாயமா?

இல்லை. முதலில் சந்தையில் கிடைக்கும் ப்ரீஃபார்ம்களைப் பாருங்கள். எடை, கழுத்து, நீளம் மூன்றும் ஒத்துவந்தால் ப்ளோ மோல்டை மட்டும் வெட்டினால் போதும், செலவு பெருமளவு குறையும். ஆனால் ஒத்துவராத ப்ரீஃபார்மை வைத்து இழுத்துப் பிடிக்காதீர்கள். ப்ரீஃபார்ம் பாட்டிலுக்கு மிக நீளமாக இருந்தால் பெட் போதிய அளவு இழுபடாது, உறுதி வராது. மிகக் குட்டையாக இருந்தால் அளவுக்கு மீறி இழுபட்டு வெளிறிப்போகும்.

கழுத்தை நம் விருப்பப்படி மாற்றலாமா?

மாற்றலாம், ஆனால் மாற்றாதீர்கள். பெட் பாட்டிலில் கழுத்து ஊதப்படுவதே இல்லை. ப்ரீஃபார்ம் செய்யும்போது எப்படி இருந்ததோ அப்படியே இருக்கும். திருகுமரை, கீழே உள்ள தாங்கு வளையம், மூடியின் சீல் உட்காரும் விளிம்பு எல்லாம் உலகம் முழுவதும் ஒரே அளவுகளில் பழகிவிட்டன. சோடா பாட்டிலில் 28 மி.மீ. பிசிஓ 1810 கழுத்து இருந்த இடத்துக்கு, உயரம் குறைந்த பிசிஓ 1881 வந்ததில் கழுத்தில் மட்டுமே ஒரு கிராமுக்கு மேல் மிச்சம். கழுத்தைப் புதிதாகக் கண்டுபிடித்தால் மூடியையும், மூடி போடும் தலையையும், கழுத்தைப் பிடிக்கும் கவ்விகளையும் சேர்த்தே கண்டுபிடிக்க வேண்டும்.

இன்னொன்று. ஐரோப்பிய ஒன்றியத்தில் 3 லிட்டர் வரையிலான பான பாட்டில்களுக்கு, திறந்த பிறகும் மூடி பாட்டிலோடு ஒட்டியே இருக்க வேண்டும் என்பது 2024 ஜூலை முதல் விதி. அந்தச் சந்தைக்கு அனுப்புவதாக இருந்தால் கழுத்தையும் மூடியையும் சேர்த்தே தேர்ந்தெடுங்கள்.

சோடா பாட்டிலின் அடியில் ஏன் ஐந்து கால்?

உள்ளே அழுத்தம் இருந்தால் எந்தப் பாத்திரமும் உருண்டையாகத்தான் ஆசைப்படும். தட்டையான அடியைக் கொடுத்தால் அது வெளியே புடைக்கும், பாட்டில் ஆடும். பாட்டிலின் கொள்ளளவைப்போல நான்கு மடங்கு கார்பன் டைஆக்சைடு கரைந்த ஒரு பானம் அறைச்சூட்டில் சுமார் 3.5 முதல் 4 பார் அழுத்தம் தரும். கார் டயரில் இருப்பதைவிட அதிகம். வெயிலில் 38 டிகிரிக்குப் போனால் சுமார் 6 பார். இதைத் தாங்கும் வடிவம் அரைக்கோளம். அரைக்கோளம் நிற்காது. எனவே அரைக்கோளத்தை அடிப்படையாக வைத்து, அதிலிருந்து ஐந்து பாதங்களை வெளியே இழுத்திருக்கிறார்கள். பூவிதழ் அடி என்று சொல்லலாம்.

இந்த வடிவத்தின் பலவீனம் நடுப்புள்ளி. ப்ரீஃபார்ம் செய்யும்போது பிளாஸ்டிக்கை உள்ளே செலுத்திய தடம் இருக்கும் அந்த மையத்தில் பெட் இழுபடாமல் தடித்து நிற்கும். அதைச் சுற்றியுள்ள பள்ளங்களில் இழுவிசை குவியும். கன்வேயரில் போடும் சோப்பு எண்ணெயில் காரம் இருந்தால் அங்கேதான் மெல்லிய விரிசல் தொடங்கும். அதனால்தான் சோதனைக்கூடத்தில் அழுத்தம் ஏற்றிய பாட்டிலின் அடியை 0.2 சதவீதக் காஸ்டிக் சோடா கரைசலில் வைத்து, எத்தனை நிமிடம் தாங்குகிறது என்று பார்க்கிறார்கள்.

வாயு விஷயத்தில் இன்னொரு உண்மை பலருக்கும் ஆச்சரியமாக இருக்கும். சின்ன பாட்டில்தான் சீக்கிரம் சுரத்து இறங்கும். கொள்ளளவு சுருங்கும் அளவுக்குப் பரப்பு சுருங்குவதில்லை. அதே சோடாவை 2 லிட்டரில் கொடுத்த ஆயுளை 250 மில்லியில் எதிர்பார்க்கக் கூடாது.

ஜூஸைச் சூடாக நிரப்பினால் சாதாரண பெட் தாங்காதா?

தாங்காது. பெட் சுமார் 75 டிகிரியிலேயே இளகத் தொடங்கும். சூடான நிரப்பலோ சுமார் 85 டிகிரி. சாதாரண பாட்டிலில் ஊற்றினால் கண்ணெதிரே சுருங்கிக் கோணிக்கொள்ளும். அதற்கென்றே மோல்டைக் குளிர்விக்காமல் 120 முதல் 160 டிகிரி வரை சூடாக வைத்து ஊதுவார்கள். அந்தச் சூட்டில் பெட்டின் உள்ளமைப்பு கொஞ்சம் படிகமாகி நிலைத்துவிடும். கழுத்து வெள்ளையாக இருக்கும் ஜூஸ் பாட்டில்களைப் பார்த்திருப்பீர்கள். கழுத்தைத் தனியாகச் சூடாக்கிப் படிகமாக்கியதால் வந்த வெள்ளை அது.

இத்தோடு முடியவில்லை. மூடி போட்டபின் ஜூஸ் ஆறும். தண்ணீர் 85 டிகிரியிலிருந்து 25 டிகிரிக்கு ஆறினால் அதன் கன அளவு சுமார் 3 சதவீதம் குறையும். ஒரு லிட்டருக்கு கிட்டத்தட்ட 28 மில்லி. மூடி இறுக்கமாக இருப்பதால் காற்று உள்ளே வராது, பாட்டில்தான் உள்ளே வர வேண்டும். எங்கே உள்வாங்க வேண்டும் என்று நாம் சொல்லிவைக்கும் இடம்தான் பக்கவாட்டில் சட்டம் போட்டது போலத் தெரியும் அந்த வெற்றிடப் பலகைகள்.

நான் வேலை பார்த்த ஒரு ஜூஸ் திட்டத்தில் அந்தப் பலகைகள் பிடிக்கவில்லை, நான்கு பக்கமும் வழவழப்பாக வேண்டும் என்றார்கள். நானும் அழுத்திச் சொல்லவில்லை, சுவரைக் கொஞ்சம் தடிக்க வைத்தால் சமாளிக்கலாம் என்று நினைத்தேன். முதல் நாள் நிரப்பி அடுக்கியபோது எல்லாம் நேராக நின்றன. மறுநாள் காலை கிடங்கில் பார்த்தால் ஒவ்வொரு பாட்டிலிலும் ஏதோ ஒரு பக்கம் குழிந்திருந்தது, ஆனால் ஒரே பக்கம் இல்லை. சிலவற்றில் முன்புறம், சிலவற்றில் மூலை. லேபிள் அந்தக் குழியில் சுருங்கிப்போய் ஒட்டியிருந்தது. எந்தப் பக்கம் எளிதில் மடங்குகிறதோ அங்கே மடங்கியிருக்கிறது. அன்றிலிருந்து இந்த விஷயத்தில் நான் விட்டுக்கொடுப்பதில்லை. பலகை பிடிக்கவில்லையா, லேபிளை அதன்மேல் சுற்றி மறைத்துக்கொள்ளலாம். அல்லது சூடில்லாமல் கிருமிநீக்கிய சூழலில் நிரப்பும் முறைக்குப் போகலாம்.

பால் பாட்டில் ஏன் வெள்ளையாகவோ ஒளிபுகாமலோ இருக்கிறது?

பாலில் உள்ள ரைபோஃப்ளேவின் வெளிச்சத்தை உறிஞ்சி, சுவையைக் கெடுக்கும் மாற்றங்களைத் தூண்டிவிடும். ஓரிரு நாளில் தீர்கிற பாலுக்கு மங்கலான எச்டிபிஇ போதும். மாதக்கணக்கில் வைக்கும் பாலுக்கு டைட்டானியம் டைஆக்சைடு கலந்த வெள்ளையோ, நடுவில் கறுப்பு அடுக்கு வைத்த மூன்றடுக்குச் சுவரோ வேண்டும்.

சாஸ், எண்ணெய் போன்றவற்றுக்கு ஆக்சிஜனை எப்படித் தடுப்பது?

எண்ணெயில் காறல் வாடை வருவதும் சிவப்பு சாஸ் மேலிருந்து பழுப்பாவதும் ஆக்சிஜனின் வேலை. எண்ணெய்க்கு வழக்கமாகப் பெட்டே போதுமானது. பிழிந்து ஊற்றும் மென்மையான பாட்டில் வேண்டுமென்றால் எச்டிபிஇ அல்லது பிபிதான் கைக்கு இதமாக இருக்கும், ஆனால் அவை ஆக்சிஜனுக்குத் திறந்த கதவு. அங்கே நடுவில் ஈவிஓஎச் (எத்திலீன் வினைல் ஆல்கஹால்) என்ற பிளாஸ்டிக்கின் மெல்லிய அடுக்கை வைக்கிறார்கள். ஆறு அடுக்கு இப்படி இருக்கும்: வெளியே புதுப் பிளாஸ்டிக், அடுத்து அரைத்துத் திரும்பச் சேர்த்தது, பசை அடுக்கு, ஈவிஓஎச், மறுபடி பசை, உள்ளே உணவைத் தொடும் புதுப் பிளாஸ்டிக். ஈவிஓஎச் காய்ந்திருக்கும்வரை அருமையான தடுப்பு. ஈரம் ஏறினால் சோர்ந்துவிடும். அதனால்தான் அதை இரண்டு பக்கமும் ஈரம் புகாத பிளாஸ்டிக்கால் மூடி நடுவில் வைப்பது.

பாட்டிலோடு சேர்ந்த கைப்பிடி வேண்டும்.

அப்படியென்றால் எக்ஸ்ட்ரூஷன். பாரிசனை அகலமாக விட்டு, மோல்டு மூடும்போது கைப்பிடி ஓட்டை விழும் இடத்தை நசுக்கி எடுப்பார்கள். நசுங்கி வெளியே பிதுங்கும் கழிவுக்கு ஃப்ளாஷ் என்று பெயர். கைப்பிடிப் பாட்டிலில் அது பாரிசன் எடையில் மூன்றில் ஒரு பங்குவரை போகலாம். அரைத்துத் திரும்பப் போடலாம் என்பதால் அது நஷ்டமில்லை. பெட்டில் ஊதும்போதே உள்ளீடற்ற கைப்பிடி வருவது மிகக் கடினம். தனியாகச் செய்து பொருத்துவது அல்லது பிடித்துக்கொள்ள இருபுறமும் ஆழமான பள்ளம் கொடுப்பதுதான் வழக்கம்.

நசுங்கி ஒட்டிய கோடு எப்போதும் சந்தேகத்துக்குரிய இடம். பாட்டிலைக் குறுக்கே வெட்டி அந்தக் கோட்டின் உள்பக்கத்தைப் பாருங்கள். லேசான மேடாக இருந்தால் நல்லது, பள்ளமாக இருந்தால் விழும்போது அங்கேதான் பிளக்கும்.

பெட்டை ஏன் இவ்வளவு நேரம் உலர்த்துகிறார்கள்?

உருகும் சூட்டில் ஒரு துளி ஈரம் இருந்தாலும் அது பெட்டின் நீண்ட சங்கிலிகளை அறுத்துவிடும். 160 முதல் 170 டிகிரியில் வறண்ட காற்றில் 4 முதல் 6 மணி நேரம் உலர்த்தி, ஈரத்தை 50 பிபிஎம்முக்கு, அதாவது பத்து லட்சத்தில் 50 பங்குக்குக் கீழே கொண்டுவந்தபிறகே உருக்க வேண்டும். அவசரப்பட்டால் ப்ரீஃபார்ம் பார்க்க நன்றாகவே இருக்கும், பாட்டில் வெடிக்கும்போதுதான் தெரியும்.

அளவுக்கு மீறிச் சூடாக்கினால் இன்னொரு தொல்லை. அசிட்டால்டிஹைடு உண்டாகும். பழ வாசனை மாதிரி ஒரு மெல்லிய இனிப்பு வாடை. சோடாவிலோ ஜூஸிலோ தெரியாது. சாதாரணத் தண்ணீரில் முதல் வாயிலேயே தெரிந்துவிடும். அதனால் தண்ணீர் பாட்டில் ப்ரீஃபார்முக்குத்தான் இந்த வரம்பு மிகக் கடுமையாக இருக்கும்.

ஊதிய பெட் பாட்டில் வெள்ளையாகிறது. சூட்டைக் கூட்டவா, குறைக்கவா?

வெள்ளை இரண்டு வகை, மருந்து நேரெதிர். முதலில் எந்த வெள்ளை என்று பாருங்கள். முத்துச்சிப்பி போல மினுமினுப்பான வெளிறல், பெரும்பாலும் அடியிலும் தோளிலும், உள்பக்கம் தடவினால் லேசாகச் சொரசொரப்பாக இருந்தால் அது குளிர்ச்சியால் வந்தது. போதிய சூடில்லாத ப்ரீஃபார்மை வலுக்கட்டாயமாக இழுத்திருக்கிறீர்கள், உள்ளே நுண்ணிய கிழிசல். சூட்டைக் கூட்டுங்கள். புகைமூட்டம்போல மங்கல், தடித்த இடங்களில் தெரிந்தால் அது மிகைச்சூட்டால் வந்த படிகமாதல். குறைக்க வேண்டும்.

பெட்டை ஊதும் சூடு தோராயமாக 90 முதல் 115 டிகிரிக்குள். இந்தச் சின்ன இடைவெளிக்குள்தான் அகச்சிவப்பு விளக்குகளின் ஒவ்வொரு வரிசையையும் தனித்தனியாக ஏற்றி இறக்கிப் பாட்டிலைச் செதுக்குகிறார்கள். தோளில் பிளாஸ்டிக் அதிகம் நிற்கிறதா, அந்த உயரத்தில் உள்ள விளக்கைக் கூட்டினால் அது இளகி இழுபட்டுக் கீழே நகரும்.

மோல்டு எந்த உலோகத்தில்?

பெரும்பாலும் அலுமினியம். ஊதும் அழுத்தம் எக்ஸ்ட்ரூஷனில் குறைவு. பெட்டில் 40 பார் வரை போனாலும் நல்ல அலுமினியக் கலவை தாங்கும். முக்கியமான காரணம், மோல்டு எஃகைவிட அது சூட்டைச் சில மடங்கு வேகமாகக் கடத்தும். சுழற்சி நேரத்தில் பெரும்பகுதி குளிர்விப்பதில்தான் போகிறது, குறிப்பாகத் தடித்த எச்டிபிஇ பாட்டிலில். நசுக்கி வெட்டும் விளிம்புகள் தேயும் என்பதால் அங்கே மட்டும் எஃகோ செம்புக் கலவையோ பதிப்பார்கள்.

காற்றுப் போக்கியை மறந்துவிடாதீர்கள். பாட்டில் விரியும்போது மோல்டுக்கும் அதற்கும் நடுவே இருக்கும் காற்று போக வழி வேண்டும். வழி இல்லாத இடத்தில் எழுத்துகள் அரைகுறையாக விழும். எச்டிபிஇ மோல்டின் உள்பக்கத்தை மணல் தெளித்துச் சொரசொரப்பாக்குவதும் இதற்குத்தான். புழுக்கமான நாளில் மோல்டை அதிகம் குளிரவைத்தால் அதன்மேல் வியர்வை பூக்கும், பாட்டிலில் அம்மைத் தழும்பு மாதிரி புள்ளி விழும்.

மோல்டு சரியான அளவில் இருந்தும் கொள்ளளவு குறைகிறதே?

சுருக்கம். எச்டிபிஇ 1.5 முதல் 3 சதவீதம் சுருங்கும், அதுவும் ஒரே நேரத்தில் இல்லை. இயந்திரத்தை விட்டு வந்து ஒரு நாள், இரண்டு நாள்வரை மெல்லச் சுருங்கிக்கொண்டே இருக்கும். சூடாக எடுத்து உடனே அளந்து ஒப்புதல் தராதீர்கள். பெட்டின் சுருக்கம் ஒரு சதவீதத்துக்கும் கீழே.

எடையை எவ்வளவு குறைக்கலாம்?

வாயு இல்லாத 500 மில்லி தண்ணீர் பாட்டில் ஒரு காலத்தில் 20 கிராமுக்கு மேல் இருந்தது, இப்போது 10 கிராமுக்குக் கீழேயும் வருகிறது. அப்படிப்பட்ட பாட்டிலுக்குத் தனியாக நிற்கும் வலு இல்லை. மூடுவதற்குச் சற்று முன் ஒரு சொட்டுத் திரவ நைட்ரஜனை விட்டு, அது ஆவியாகும் அழுத்தத்தால் விறைப்பாக நிற்க வைக்கிறார்கள். வளையம் வளையமாக வரும் வரிகளும் பக்கச்சுவரைத் தாங்குவதற்குத்தான். ஆனால் ஆழமான வரிகள் மேலிருந்து வரும் பாரத்தில் துருத்திபோல மடங்கும், அதையும் கணக்கில் எடுங்கள். எடையைக் குறைப்பது நல்ல விஷயம், நான் முழு மனதோடு ஆதரிக்கிறேன். ஆனால் திறந்ததும் கையில் நசுங்கித் தண்ணீர் தெறிக்கும் பாட்டிலை யாருக்கும் கொடுக்கக் கூடாது.

உணவுக்குப் பாதுகாப்பானதுதானா? பிபிஏ இருக்குமா?

பெட், எச்டிபிஇ, பிபி மூன்றையும் தயாரிக்க பிபிஏ, அதாவது பிஸ்பீனால் ஏ என்ற வேதிப்பொருள் தேவையில்லை. அது பாலிகார்பனேட்டிலும் எபாக்சி பூச்சுகளிலும் வரும் சரக்கு. டெரெஃப்தாலேட் என்ற பெயரைப் பார்த்து பெட்டில் தாலேட் மென்மையாக்கி கலந்திருப்பதாக நினைப்பவர்கள் உண்டு, இரண்டும் வேறு. பெட்டில் ஆன்டிமனி என்ற வினையூக்கியின் மிச்சம் சிறிதளவு இருக்கும். பாட்டிலைக் கடும் சூட்டில் நெடுநாள் வைத்தால் அது உணவில் இறங்குவது கூடும். எனவே கிடங்கின் வெப்பம் வடிவமைப்பாளருக்கும் கவலை தர வேண்டும்.

பிளாஸ்டிக்கிலிருந்து உணவுக்கு இறங்கும் மொத்தப் பொருளுக்கு ஐரோப்பிய விதி 10/2011 வைத்த வரம்பு, ஒரு சதுர டெசிமீட்டருக்கு 10 மில்லிகிராம். புளிப்புக்கு ஒரு மாதிரித் திரவம், எண்ணெய்க்கு இன்னொன்று என்று வைத்துச் சோதிப்பார்கள். பிசின் விற்பவரின் சான்றிதழ் போதாது. நிறமி, மறுசுழற்சிப் பொருள், சூடு எல்லாம் சேர்ந்த முடிந்த பாட்டிலைச் சோதிக்க வேண்டும். ஊதும் காற்றும் எண்ணெய்ப்பசை இல்லாததாக இருக்க வேண்டும். அந்தக் காற்று உணவு படும் பக்கத்தைத்தானே தொடுகிறது.

மறுசுழற்சிக்கு ஏற்ப வடிவமைப்பது எப்படி?

பெட் தண்ணீரில் மூழ்கும். எச்டிபிஇ, பிபி மிதக்கும். மறுசுழற்சி ஆலை இதை வைத்துத்தான் பாட்டிலையும் மூடியையும் பிரிக்கிறது. மூடியும் லேபிளும் மிதக்கும் பொருளில் இருக்கட்டும், பசை தண்ணீரில் கழலட்டும். பாட்டில் முழுவதையும் மூடும் உறை தரம்பிரிக்கும் கருவியை ஏமாற்றும். நிறமில்லாத பெட்டுக்குத்தான் மறுபிறவி சுலபம். கருநீலத்தையும் கறுப்பையும் தவிர்க்க முடிந்தால் தவிருங்கள்.

முதல் மாதிரி பாட்டில் கைக்கு வந்ததும் என்ன செய்வது?

ஒற்றைக்குழி மாதிரி மோல்டில் ஊதிய பாட்டில்களை வாங்கி, முதலில் எடை போடுங்கள். அப்புறம் ஒன்றைச் சூடான கம்பியால் தோள், உடல், அடி என மூன்று துண்டாக வெட்டி ஒவ்வொன்றையும் எடை போடுங்கள். மொத்த எடை சரியாக இருந்து அடியில் இரண்டு கிராம் கூடுதலாக உட்கார்ந்திருந்தால், உங்கள் பாட்டில் எங்கேயோ மெலிந்திருக்கிறது என்று அர்த்தம். சுவர்த் தடிமனை அளக்க ஒரு அழகான கருவி உண்டு. பாட்டிலுக்குள் ஒரு சின்ன எஃகுக் குண்டைப் போட்டு, வெளியே காந்த முனையை நகர்த்தினால் குண்டு கூடவே உருண்டு வரும், இடையில் உள்ள தடிமன் திரையில் வரும். அதை மெதுவாக மூலைவரை ஓட்டிப் பாருங்கள். எண் இறங்கிக்கொண்டே போவது ஒரு வரைபடத்தைவிட அதிகம் சொல்லும்.

பிறகு மேற்பாரம், கசிவு, விழுதல், வாயு இருந்தால் வெடிப்பு. விழும் சோதனையை உங்கள் பொருள் எந்தக் குளிரில் விற்கிறதோ அதே குளிரில் செய்யுங்கள். இவை எல்லாம் தேறியபின் உங்கள் பொருளையே, தண்ணீரை அல்ல, உங்கள் மூடியோடு, உங்கள் சூட்டில் நிரப்பிச் சில வாரங்கள் வையுங்கள். பாதியை நேராக, பாதியைப் படுக்கவைத்து. பல குழி மோல்டுக்குக் கையெழுத்துப் போடுவதை அதுவரை தள்ளிப்போடுங்கள்.